அறுந்த நரம்பும் ஆற்று மீனும்

விருத்தாசலத்திலிருந்து செயங்கொண்டம் செல்லும் சாலையில் அமைந்த கருவேப்பிலங்குறிச்சி எம் ஊர். ஊரை ஒட்டி வெள்ளாறு செல்கிறது. மழைக்காலத்தில் கரைதொட்டு ஓடும் அவ்வாறு, கோடையில் மணல்வெளியாகி, ஆங்காங்கே முழங்கால் ஆழக் குட்டைகளை மட்டும் விட்டுவைக்கும். அக்குட்டைகளில் துண்டை விரித்துப் பொடிமீன் அள்ளாத சிறுவர் எம் தலைமுறையில் இலர். அள்ளிய மீன்களுள் சில துடுப்புக் கிழிந்தும் வால் சிதைந்தும் இருக்கும். கண்ணாடிப் புட்டியில் இட்டு நாள்தோறும் நீர் மாற்றி வந்தால், சில வாரங்களில் துடுப்பு பழையபடி முளைத்துவிடும். அதனை அன்று யாம் வியந்ததில்லை. பல்லிக்கு வால் முளைக்கிறது. மீனுக்குத் துடுப்பு முளைக்கிறது. அவ்வளவே என்று இருந்துவிட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதத்தில், கூலிக்குப் புளி உலுக்கச் சென்ற எம் தெருக்காரர் ஒருவர் கிளை முறிந்து வீழ்ந்தார். மேலுக்குச் சிறு சிராய்ப்பே. ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. அருகில் நின்றோர் பதறிப்போய் ஆளுக்கொரு கையும் காலுமாகப் பிடித்துத் தூக்கி, ஒரு சரக்கு ஆட்டோவில் கிடத்திக் கொண்டுபோயினர். முதுகெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கியிருக்கிறது, எலும்பைத் தகடு வைத்து நிறுத்தலாம், நரம்பு மட்டும் ஒட்டாது என்று மருத்துவர் கூறினார். அவர் வீடு திரும்பியபின் காணச் சென்றோம். அவர் மனைவியார் எம்மைப் பார்த்துக் கேட்டார்.

“ஏன் வாத்தியாரய்யா, முந்தின வருசம் கரும்பு வெட்டையில இவருக்கு மணிக்கட்டுல அருவா பட்டு நரம்பு அறுந்துது. தச்சாங்க. ஆறேழு மாசத்துல விரலு பழையபடி மடங்குச்சு. அதே மனுசன், அதே ஒடம்பு. முதுகுல போனது மட்டும் ஏன் ஒட்டமாட்டேங்குது?”

தமிழ் படித்த எமக்கு விடை தெரியவில்லை. விலங்கியல் துறை நண்பர்களை நாடினோம். அவர்கள் காட்டிய நூல்களைப் புரட்டினோம். அந்த அம்மையார் கேட்ட அதே கேள்வியை நூறாண்டுகளுக்கும் மேலாக அறிவியலார் கேட்டு வருகின்றனர் என்பதையும், விடை தேடிய பலர் இறுதியில் சென்று நின்ற இடம் மீன்தொட்டி என்பதையும் அறிந்தபோது வியப்பு மேலிட்டது. யாம் அறிந்துகொண்டவற்றை, அறிவியல் பயிலாத எம் மாணவரும் விளங்கிக்கொள்ளுமாறு இங்கு எழுத முற்படுகிறோம்.

நரம்பு என்னும் சொல்

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். சங்கப் பாடல்களில் நரம்பு என்றால் பெரும்பாலும் யாழின் நரம்பு. இலையில் ஓடுவதும் நரம்புதான். பேச்சுவழக்கிலோ குருதிக்குழாயும் நரம்பு. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணும் நரம்பு. கையில் ஊசி போடும் செவிலியர் ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்கிறார். அவர் தேடுவது சிரையை. மருத்துவர் ‘நரம்பு போய்விட்டது’ என்கிறார். அவர் கூறுவது வேறொன்றை. மேலே சொன்னவரின் மணிக்கட்டில் அறுந்தவை தசைநாணும் உண்மையான நரம்பும் ஆகிய இரண்டுமே என்பதை, அவருடைய பழைய மருத்துவச் சீட்டைப் பார்த்தே யாம் அறிந்தோம்.

அறிவியல் கூறும் நரம்பு, செய்தி கடத்தும் இழைகளின் கட்டு. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. ஒவ்வொரு செல்லுக்கும் ஓர் உடற்பகுதியும், அதினின்று நீளும் ஆக்ஸான் என்னும் இழையும் உண்டு. இவ்விழை சில செல்களில் மயிரிழையினும் குறுகியதாய் முடியும். சிலவற்றிலோ இடுப்புப் பகுதியில் தொடங்கிக் கால்விரல் வரை ஒரு மீட்டர் அளவுக்கு நீளும். மூளையும் தண்டுவடமும் நடுவண் நரம்பு மண்டலம் எனப்படும். அவற்றினின்று புறப்பட்டு உடலெங்கும் பரவுவன புற நரம்புகள். தண்டுவடம் வளர்ந்த மனிதரில் சுமார் 45 சென்டிமீட்டர் நீளமும் சுண்டுவிரல் அளவு பருமனும் கொண்டது. அச்சிறு வடத்தின் வழியாகவே கழுத்துக்குக் கீழுள்ள உடலின் ஆணைகளும் உணர்வுகளும் பெரும்பாலும் ஏறி இறங்குகின்றன.

மணிக்கட்டில் அறுந்தது புற நரம்பு. அதன் செல்லுடல் தொலைவில், தண்டுவடத்திலோ அதன் அருகிலோ பாதுகாப்பாக இருக்கிறது. அறுபட்ட இடத்துக்கு அப்பாலுள்ள இழை மடிந்துபோகும். ஆனால் அதனைச் சூழ்ந்திருந்த உறை குழாய்போல் எஞ்சி நிற்கும். ஷ்வான் செல்கள் எனப்படும் துணைச் செல்கள் அக்குழாயைத் துப்புரவு செய்து, வளர்ச்சியூட்டும் பொருள்களைச் சுரந்து வழியமைக்கின்றன. எஞ்சிய இழையின் நுனி அவ்வழியே நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் வளர்ந்து செல்கிறது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை எத்தனை மில்லிமீட்டர் என்று கணக்கிட்டால், அந்த அம்மையார் சொன்ன ‘ஆறேழு மாசம்’ எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

தண்டுவடத்தில் கதை வேறு. ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹால், 1906இல் நோபல் பரிசு பெற்றவர், அறுபட்ட தண்டுவடத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். வெட்டுண்ட இழைகள் சிறிது துளிர்க்கின்றன. பின் தயங்கி நின்றுவிடுகின்றன என்பதைக் கண்டார். ஏன் நின்றுவிடுகின்றன? இழைக்கே ஆற்றல் இல்லையா, அல்லது சூழல் விடவில்லையா?

இதற்கு ஒரு பகுதி விடை 1981இல் கிடைத்தது. கனடா நாட்டு மான்ட்ரியலில் டேவிட், அகுவாயோ ஆகிய இருவரும் எலியின் புற நரம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து, மூளையின் அடிப்பகுதிக்கும் தண்டுவடத்துக்கும் இடையே பாலம்போல் ஒட்டினர். வளரவே வளராது எனக் கருதப்பட்ட நடுவண் இழைகள் அப்பாலத்துக்குள் புகுந்து சுமார் 3 சென்டிமீட்டர் வரை வளர்ந்தன. பாலம் முடிந்து மறுபடியும் தண்டுவடத்துக்குள் நுழைய வேண்டிய இடம் வந்ததும் நின்றுவிட்டன. ஆகவே குற்றம் பெரும்பாலும் சூழலில் இருக்கிறது. பின்னர் சூரிச்சில் மார்ட்டின் ஷ்வாப் என்பவர், நடுவண் இழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் புரதம் இருப்பதை 1988இல் காட்டினார். அதன் மரபணு 2000ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டு நோகோ எனப் பெயர் பெற்றது. ‘போகாதே’ என்பதே அப்பெயரின் கருத்து. அறிவியலாருக்கும் சொல்விளையாட்டில் ஆசை உண்டு. இதனோடு, காயம்பட்ட இடத்தில் தாங்கு செல்கள் குவிந்து கட்டும் தழும்பு ஒரு மதிலாகிறது. அம்மதிலையும் குறை கூற முடியாது. அழற்சி பரவி நல்ல பகுதியையும் அழித்துவிடாமல் காப்பது அதுவே. வீட்டைக் காக்க எழுப்பிய சுவரே வாயிலையும் அடைத்துவிட்டது.

கோசி ஆற்று மீன்

இனி மீனிடம் வருவோம். பிரான்சிஸ் புக்கானன் ஹாமில்டன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றியவர். 1800ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடக் கரை, மலையாளம் ஆகிய பகுதிகளைச் சுற்றி அவர் எழுதிய பயண நூலை வரலாற்று மாணவர் அறிவர். அவரே பின்னர் கங்கை ஆற்று மீன்களைப் பற்றி ஒரு நூலை 1822இல் வெளியிட்டார். அதில் கோசி ஆற்றில் கிடைத்த ஒரு விரல் நீள மீனுக்கு அவர் இட்ட பெயரே இன்று டானியோ ரெரியோ என வழங்குகிறது. டானியோ என்பது நெல்வயலைக் குறிக்கும் வங்காளச் சொல்லின் திரிபு என்பர். உடலில் நீலக் கோடுகள் நெடுக ஓடுவதால் உலகம் அதனை வரிக்குதிரை மீன் என்றது. சென்னை கொளத்தூரில் வண்ணமீன் விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைப்பது இம்மீனே. நம் கெண்டை இனத்துக்கு இது நெருங்கிய உறவு.

நம் நாட்டு வயல்நீரில் திரிந்த இம்மீன் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பொருளாயிற்று. ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் என்பவர் செல்லமீன் கடையில் வாங்கிவந்து வளர்த்து, 1981இல் தம் ஆய்வை வெளியிட்டார். அதன்பின் உலகெங்கும் ஆய்வகங்களில் இம்மீன் இடம்பிடித்தது. காரணம் எளிது. கரு தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது. அதுவும் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிகிறது. ஒரு நாள் வயதுக் கருவில் இதயம் துடிப்பதை உயிருடனேயே காணலாம். 2013இல் இம்மீனின் மரபணுத்தொகுதி முழுதும் வெளியிடப்பட்டபோது, மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இம்மீனிடம் இணை உண்டு என்பது தெரியவந்தது.

மீனின் நரம்பு மீளும் என்பது அதற்கு முன்பே தெரியும். 1922இல் வியன்னாவில் கொப்பானி, வைஸ் ஆகியோர் கெண்டையின் உறவான ஒரு மீனில் வெட்டிய தண்டுவடம் மீண்டும் பயன்தருவதைக் கூறினர். விலங்கியல் பாடநூல்கள் இதனை ‘இழப்பு மீட்டல்’ என்னும் அழகிய சொல்லால் குறிக்கின்றன. ஆயினும் இழப்பு மீட்டலில் தரவேறுபாடு உண்டு. பல்லியின் புதுவாலில் முதுகெலும்புக் கணுக்கள் மீள்வதில்லை. குருத்தெலும்புக் குழல் ஒன்றே இருக்கும். ஆள் ஏமாறலாம், எலும்பு ஏமாறாது. மீனின் தண்டுவடமோ பெருமளவு பயன்பாட்டோடு மீள்கிறது. 1997இல் பெக்கர் இணையர், வளர்ந்த வரிக்குதிரை மீனின் தண்டுவடத்தை முழுதும் வெட்டி, மூளையிலிருந்து இறங்கும் இழைகள் வெட்டைக் கடந்து வளர்வதை விளக்கமாகக் காட்டினர்.

வெட்டியதும் மீனின் பின்னுடல் செயலற்றுப் போகிறது. முன்துடுப்பால் மட்டும் அது தத்தளிக்கிறது. முதல் சில நாள்களில் தற்காப்புச் செல்கள் வந்து சிதைவுகளை அகற்றுகின்றன. பாலூட்டிகளிலும் அவை வருகின்றன. ஆனால் இங்கே வந்த வேலை முடிந்ததும் அழற்சி தணிகிறது, அங்கே நீடிக்கிறது. அடுத்து, தண்டுவடத்தின் நடுக்குழலை ஒட்டி உறங்கிக் கிடக்கும் ஒருவகைச் செல்கள் விழித்துப் பெருகத் தொடங்குகின்றன. அவற்றுள் சில புதிய நரம்புச் செல்களாகின்றன. வேறு சில தாங்கு செல்கள் இருபுறமிருந்தும் நீண்டு நடுவே கைகோக்கின்றன. நம்மிடம் மதில் எழும்பும் அதே இடத்தில் அங்கே பாலம் எழும்புகிறது. இழைகள் அப்பாலத்தின் வழியிலும் அதன் அருகிலும் கடந்து செல்கின்றன. ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் மீன் மீண்டும் நீந்துகிறது.

இப்பாலத்தை எழுப்புவது யாது? 2016இல் மயஸ்ஸா மொகல்லெத், கென்னத் பாஸ் முதலியோர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இதற்கு விடை தேடினர். காயத்துக்குப்பின் மிகுதியாகச் செயற்படும் மரபணுக்களைச் சலித்து, சி.டி.ஜி.எஃப்.ஏ. என்னும் ஒன்றைத் தெரிந்தனர். அது இல்லாத மீனில் பாலம் எழும்பவில்லை. அதன் புரதத்தைக் காயத்தில் இட்டபோது பாலம் விரைந்து எழுந்தது. மனிதரிடமுள்ள அதே புரதத்தை மீனுக்கு இட்டபோதும் மீன் மீண்டது என்பதே இதில் நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்யும் செய்தி. மருந்து நம்மிடமே இருக்கிறது, பயன்தான் இல்லை.

அவ்வளவு எளிதன்று. இதே புரதம் பாலூட்டிகளில் தழும்பு தடிப்பதற்கும் துணைபோகிறது என்பது அறியப்பட்டதே. ஒரே சொல் ஒரு தொடரில் வாழ்த்தாகவும் மற்றொரு தொடரில் வசையாகவும் நிற்பதில்லையா? இலக்கணம் கற்பிக்கும் எமக்கு இது புதிதன்று. எந்தச் செல்லில், எந்த நாளில், எவற்றோடு சேர்ந்து அப்புரதம் வெளிப்படுகிறது என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது.

2024இல் மொகல்லெத் குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, காயத்துக்குப்பின் மீனின் தண்டுவடச் செல்களைத் தனித்தனியே ஆராய்ந்தது. புதிதாகப் பிறக்கும் நரம்புச் செல்களே மீட்சிக்குக் காரணம் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் காயத்தில் மடியாமல் தப்பிய பழைய செல்கள் தம்மை மாற்றியமைத்துக்கொண்டு முதலில் பணியேற்கின்றன. புதியவை பின்னர் வந்து சேர்கின்றன என்று கண்டனர். பாலூட்டிகளில் காயத்துக்குப்பின் ஏராளமான செல்கள் சாவதே பேரிழப்பு. ஆகவே புதியன படைப்பதற்குமுன் இருப்பனவற்றைச் சாகாமல் காப்பது முதற்பணியாகலாம்.

வழி தெரிந்த இழைகள்

இழை வளர்ந்தால் மட்டும் போதுமா? தந்திக் கம்பிகள் ஆயிரம் அறுந்தால், எதனோடு எதை முடிவது? தவறாக முடிந்தால் கையை நீட்டச் சொன்னால் கால் உதறும். இதற்கும் மீனே விடை கூறியது. ரோஜர் ஸ்பெர்ரி என்னும் அமெரிக்க அறிஞர், 1981இல் வேறோர் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றவர், 1940களில் நீர்வாழ் பல்லி போன்ற நியூட்டின் கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்வை நரம்பையும் வெட்டினார். நரம்பு மீண்டும் வளர்ந்தது, பார்வையும் வந்தது, ஆனால் அதற்கு உலகம் தலைகீழாகவே இருந்தது. மேலே காட்டிய இரைக்கு அது கீழே பாய்ந்தது. எத்தனை காலம் ஆகியும் அதனைத் திருத்திக்கொள்ளவில்லை. அதாவது ஒவ்வோர் இழையும் தான் முன்பு சேர்ந்திருந்த பழைய இடத்தையே தேடிச் சென்று சேர்ந்தது.

1963இல் அட்டார்டி என்னும் ஆய்வாளருடன் சேர்ந்து தங்கமீனிடம் இன்னும் நுட்பமான ஆய்வு ஒன்றைச் செய்தார். பார்வை நரம்பை வெட்டியதோடு விழித்திரையில் ஒரு பாதியையும் நீக்கினார். எஞ்சிய பாதியின் இழைகள் மூளைக்குள் வளர்ந்தபோது, வழியில் காலியாகக் கிடந்த இடங்களில் தங்கவில்லை. அவற்றைக் கடந்து தமக்குரிய பகுதிக்கே சென்றன. இழைக்கும் இடத்துக்கும் வேதிப்பொருள்களால் ஆன அடையாளம் உண்டு என்னும் கொள்கை இதனால் வலுப்பெற்றது. காலி வீடு கண்டும் நுழையாமல், முகவரி பார்த்துச் செல்லும் அஞ்சற்காரரைப்போல் என்று எம் மாணவர்க்குச் சொல்வோம்.

நம் நாட்டு ஆய்வாளரும் இத்துறையில் பின்தங்கியவர் அல்லர். கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சுக்லா கோஷ் குழுவினர் வரிக்குதிரை மீனின் தண்டுவடத்தை வெட்டாமல் நசுக்கி, அதன்பின் செல்கள் எவ்வாறு மறுவினை புரிகின்றன என்று 2010இல் எழுதினர். மரத்திலிருந்து வீழ்ந்தோர்க்கும் வண்டியில் மோதியோர்க்கும் தண்டுவடம் பெரும்பாலும் நசுங்குகிறதேயன்றிக் கத்தியால் வெட்டியதுபோல் அறுபடுவதில்லை. ஆதலின் இவ்வாய்வு நமக்கு நெருக்கமானது. மொகாலியில் ராஜேஷ் ராமச்சந்திரன் விழித்திரை மீட்சியை ஆராய்கிறார். புனே அகர்கர் ஆய்வு நிறுவனத்தில் சின்மய் பாத்ரா குழுவினர், முன்சொன்ன அதே சி.டி.ஜி.எஃப்.ஏ. புரதம் முதுகெலும்புக் கணுக்களுக்கிடையேயான தட்டுகளின் மீட்சிக்கும் துணைபுரிவதை மீனில் கண்டனர். கோசி ஆற்றை விட்டுப் போன மீன், மேல்நாடெல்லாம் சுற்றி, ஆய்வுக் கருவியாக ஊர் திரும்பியிருக்கிறது.

பச்சை மண்ணும் சுட்ட மண்ணும்

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். எம் உறவினருள் சிலரும் அத்தொழிலில் இருந்தனர். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் கை ஒடிந்தால் தொழிலாளி கவலைப்படுவதில்லை. களிமண்ணைக் குழம்பாக்கித் தொட்டு ஒட்டிவிடுவார். ஒட்டிய இடம் தெரியாது. சூளையில் வெந்து வந்தபின் ஒடிந்தால் கழிவுக் குவியலுக்குத்தான் போகும். சூடு கொடுத்த உறுதிக்கு அதுவே விலை. பாலூட்டிகளின் நரம்பு மண்டலமும் முதிரும்போது இவ்வாறே தன் இணைப்புகளை உறுதிப்படுத்திக்கொள்கிறது. கற்றது மறவாமல் நிற்க அவ்வுறுதி வேண்டும். பிறந்து இரண்டு நாளே ஆன சுண்டெலிக் குஞ்சின் தண்டுவடம் தழும்பின்றி ஆறுவதை 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வளர்ந்த எலியில் அது நிகழ்வதில்லை. குஞ்சு பச்சை மண்.

ஆனால் இவ்வுவமை மீனிடம் முழுதும் செல்லாது. வளர்ந்த மீன் பச்சை மண் அன்று. நீந்தவும் இரைதேடவும் பகைக்கு அஞ்சி ஒளியவும் தெரிந்த முழுமையான உயிர் அது. வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே புதிய நரம்புச் செல்களையும் சேர்த்துக்கொள்வதால், வெந்த பின்னும் ஒட்டும் தன்மையை எப்படியோ காத்து வைத்திருக்கிறது. அந்த ‘எப்படியோ’வைத்தான் ஆய்வகங்கள் தேடுகின்றன.

மீனின் மீட்சியையும் மிகைப்படுத்தக் கூடாது. அறுந்த இழைகள் அனைத்தும் அதனிடம் மீள்வதில்லை. அதிர்ச்சியில் சட்டென்று வளைந்து தப்ப உதவும் மௌத்னர் என்னும் பெருஞ்செல்லின் இழை பெரும்பாலும் மீள்வதில்லை. ஒரு பகுதி இழைகள் மீண்டாலே நீந்துவதற்குப் போதுமாக இருக்கிறது. அளவும் கவனிக்கத் தக்கது. மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள மீனில் இழை கடக்கவேண்டிய தொலைவு மில்லிமீட்டர்க் கணக்கு. நம் இடுப்பில் அதுவே பல சென்டிமீட்டர்.

இன்றைய நிலை

உலகில் தண்டுவடக் காயத்தோடு வாழ்வோர் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. அவர்களுள் எவரும் இன்றுவரை மீன் கற்பித்த பாடத்தால் எழுந்து நடக்கவில்லை. நோகோ புரதத்தைத் தடுக்கும் மருந்தை ஐரோப்பாவில் கழுத்துப்பகுதிக் காயம்பட்டோர்க்கு உடனடியாகக் கொடுத்துச் சோதித்தனர். அண்மையில் வெளியான முடிவில், சோதனையின் முதன்மை அளவுகோலில் மருந்து பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் வேறுபாடு தெரியவில்லை. காயம் முழுமையாகாமல் சிறிது அசைவு எஞ்சியிருந்தோரில் மட்டும் ஓரளவு நன்மை இருக்கலாம் எனத் தோன்றியதால் மேலும் ஆராய்கின்றனர். சுவிட்சர்லாந்தின் லோசானில் தண்டுவடத்தின்மேல் மின்முனைகளைப் பதித்துச் சிலரை நடக்கச் செய்துள்ளனர். அது எஞ்சிய இழைகளையும் கீழுள்ள செல்களையும் தூண்டி வேலை வாங்கும் முறை. மீனிடம் காணும் மீட்சியன்று.

இவ்விடத்தில் சற்றே கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன எம் தெருக்காரரின் குடும்பத்தார், ‘ஸ்டெம் செல் செலுத்தினால் நடக்கலாம்’ என்ற விளம்பரம் ஒன்றைப் பார்த்துவிட்டு, இருந்த முக்கால் காணி நிலத்தை விற்க விலை பேசிவிட்டனர். மீனைப் பற்றி யாம் படித்துக்கொண்டிருந்த நேரம் அது. படித்தவற்றைச் சொல்லி அவ்விற்பனையைத் தடுத்தவர்களுள் யாமும் ஒருவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, சில குருதி நோய்கள் முதலானவற்றுக்குச் செய்யும் எலும்புமச்சை மாற்று போன்ற நிறுவப்பட்ட முறைகள் நீங்கலாகப் பிறவெல்லாம் சோதனை நிலையில் உள்ளவையே. சோதனைக்கு உட்படுபவரிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்பவர் சோதனை செய்யவில்லை, விற்பனை செய்கிறார்.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? நிரம்ப உண்டு. வீழ்ந்தவரைக் கைகால் பிடித்துத் தூக்கலாகாது. கழுத்தும் முதுகும் வளையாமல், பலர் சேர்ந்து ஒரே நேரத்தில் பலகைக்கு மாற்றி, 108 ஊர்தி வரும்வரை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். நசுங்கிய தண்டுவடத்தில் எஞ்சிய சில இழைகள் தூக்கும் முறையிலேயே அறுந்துபோவது உண்டு. பின்னர்ப் படுக்கையில் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும். உணர்வற்ற தோலில் படுக்கைப்புண் வந்தால் அது எலும்புவரை செல்லும். சிறுநீரைத் தேங்கவிடாமல் தூய குழாயால் வேளைதோறும் வெளியேற்றக் கற்றுக்கொள்ள வேண்டும். பழுதான சிறுநீரகமே இவர்களுள் பலரின் உயிரைக் கொண்டுபோவது.

இவற்றை நம் மண்ணில் முறையாகக் கற்பித்தவர்களுள் முதன்மையானவர் தாமே சக்கர நாற்காலியில் இருந்தவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வண்டி விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் தொடங்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவர் பெயரைத் தாங்கியது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் எஸ். இராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்பயிற்சியில் வீழ்ந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். 1981இல் அவர் தொடங்கிய அமர் சேவா சங்கம், தண்டுவடக் காயம்பட்டோர்க்கு மறுவாழ்வுப் பயிற்சி தருகிறது. அவருக்கும் 2020இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

எம் தெருக்காரரும் பயிற்சி பெற்றுத் திரும்பினார். விற்காமல் எஞ்சிய நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, வந்த பணத்தில் வீட்டுத் திண்ணையைச் சரிவாக்கி ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறார். சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது அவர் மனைவியாரிடம் அவருடைய பழைய கேள்விக்கு ஒருவாறு விடை கூறினோம். கைநரம்புக்கு வழிகாட்டும் துணை உண்டு, முதுகு நரம்புக்கு மதில்தான் உண்டு, மீனுக்கு மட்டும் அங்கே பாலம் எழும்புகிறது என்று சொன்னோம். நெடுநேரம் கேட்டிருந்தவர், “அந்த மீனு நம்ம ஆத்துல உண்டா?” என்றார்.

“அதன் பங்காளி கெண்டையெல்லாம் உண்டு அம்மா” என்றோம்.

நாற்காலியிலிருந்தவர் சிரித்தார். “அதுங்க கிட்டக் கேட்டுக்கிட்டே இருங்க வாத்தியாரய்யா. சொன்னா எனக்கும் சொல்லுங்க” என்றவர், பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுக்குக் கடலைமிட்டாய் எடுத்துக் கொடுக்க நாற்காலியைத் திருப்பினார்.